சின்ன ஊரில் ஓப்பன் மைக் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓப்பன் மைக் நடத்திவருகிறோம். இது ஆறாவது வருடம். சாத்தூர், சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கமிருந்து யாராவது போன் செய்து, "அண்ணாச்சி, எங்க ஊர்லயும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்பார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஓப்பன் மைக் என்றால் என்ன? கவியரங்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெயர் கொடுத்த யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் வந்து, தன்னிடம் இருப்பதைச் சொல்லியோ பாடியோ விட்டு, கொடுத்த நேரத்துக்குள் இறங்குவது. கவிதை, கதை, பாட்டு, நகைச்சுவை, மிமிக்ரி, புல்லாங்குழல், எதுவானாலும் சரி. முன்கூட்டியே ஆள் தேர்வு கிடையாது.

நம் பக்கத்துக்கு மேடை புதிதில்லை. பட்டிமன்றம், கவியரங்கம், கலை இலக்கிய இரவு, கோயில் கொடையில் வில்லுப்பாட்டு என்று விடிய விடியக் கேட்டு வளர்ந்த சனம்தான். வித்தியாசம், மைக் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. வழக்கமான கூட்டத்து நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. ஆறு மணிக் கூட்டம் ஆறே முக்காலுக்குத் தொடங்கும். பொன்னாடை எல்லாம் போர்த்தி முடிய ஏழரை ஆகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கவிதை எழுதி எடுத்து வந்திருந்தால், எல்லாரும் பேசி முடித்தபிறகு "ரெண்டே நிமிஷம்" என்று கூப்பிடுவார்கள். அப்போது பாதி நாற்காலி காலியாக இருக்கும்.

ஓப்பன் மைக்கில் தலைமையும் இல்லை, முன்னிலையும் இல்லை. பட்டியல் மட்டும்தான். இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதை எல்லாம் உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

சின்ன ஊரில் ஆள் வருமா?

வரும். ஆனால் முதல் மாதக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எங்களுக்கு முதல் மாதம் நாற்பது பேர் வந்தார்கள். என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். மூன்றாவது மாதம் பதினொரு பேர். அதற்கப்புறம் ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு, நாலே பேர்: நான், என் நண்பர், இடம் கொடுத்த டீச்சர், கயத்தாறில் இருந்து பஸ் ஏறி நனைந்துகொண்டே வந்த ஒரு தம்பி. கரண்டும் இல்லை. அன்றைக்கும் நடத்தினோம். அந்தத் தம்பி செல்போன் டார்ச் வெளிச்சத்தில், ஈரமாகி ஒட்டிக்கொண்ட நோட்டுத்தாளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து ஒரு கதை வாசித்தார். நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். அடுத்த மாதம் அவர் மூன்று நண்பர்களோடு வந்தார்.

ஆள் குறைந்தால் ரத்து செய்துவிடலாம் என்று தோன்றுகிற நாள்தான் முக்கியமான நாள். "அங்க போனா கண்டிப்பா இருக்கும்" என்ற பேச்சு ஊரில் உண்டாக ஒரு வருடம் ஆகும். நோட்டீஸ் அடித்து அதை உண்டாக்க முடியாது.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வைப்பது?

எங்களுக்கு இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்தே முக்கால். முதலில் சனிக்கிழமை வைத்துப் பார்த்தோம். இங்கே தீப்பெட்டி ஆபீஸ்களில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. சம்பளத்தை வாங்கிய கையோடு கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்குகிற நாள் அது. வேலைக்குப் போகிற பெண்கள் ஒருத்தரும் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கு மாற்றிய பிறகுதான் வந்தார்கள். உங்கள் ஊரில் சந்தை என்றைக்கு, டியூஷன் எத்தனை மணிக்கு விடுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

முடிகிற நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னால் எண்ணித் தொடங்குகிற நேரத்தைப் பிடியுங்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பி வருகிறார்கள். பஸ்ஸை விட்டால் ராத்திரி அவர்களுக்குப் பெரும்பாடு. எட்டு மணிக்கு மேல் எங்கள் கூடத்தில் மைக் ஓடாது.

குறித்த நாளை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு தடவை செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்காக ஒரு வாரம் தள்ளி வைத்தோம். வாட்ஸ்அப்பில் சொன்னோம். இருந்தும் கழுகுமலையில் இருந்து மூன்று பேர் பழைய தேதிக்கு வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதில் ஒருவர் மறுபடி வரவே இல்லை. அதிலிருந்து திருவிழாவானாலும் தேர்தலானாலும் நாள் மாறுவதில்லை.

இடம் எப்படிப் பிடிப்பது?

உங்கள் மனதில் இருப்பதைவிடச் சின்ன இடமாகப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்தால் வெறிச்சென்று இருக்கும். அதே இருபத்தைந்து பேர் முப்பது பேர் கொள்ளும் அறையில் உட்கார்ந்தால் கூட்டம். பேசுகிறவருக்கு அந்த நெருக்கம் கொடுக்கிற தைரியம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நாங்கள் நடத்துவது ஒரு டியூஷன் சென்டரின் மாடிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும் இடம். இப்படி வாரத்தில் ஒரு நாள் சும்மா கிடக்கும் அறை எல்லா ஊரிலும் இருக்கும். கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நன்றாக இயங்கினால் அவர்களையும் போய்ப் பாருங்கள். டீக்கடை மாடி கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கீழே பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தத்துக்கு மேல் ஒரு கவிதையும் நிற்காது.

இன்னொன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் வாடகைக்குக் கிடைக்கிற மண்டபங்களில் பாதி ஏதாவது ஒரு சமுதாயத்தின் மண்டபம். அவர்கள் நல்ல மனதோடு இலவசமாகவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே படியேற இன்னொரு தெருப் பிள்ளை யோசிக்கும். யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கட்சி அலுவலகத்துக்கும் இதே பதில். எல்லாரும் தயங்காமல் உள்ளே வரக்கூடிய வாசல் வேண்டும்.

கழிப்பறை இருக்கிறதா, பெண்கள் பயன்படுத்துகிற மாதிரி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா என்றும். இவை இரண்டும் சரியில்லாத இடத்துக்கு யார் வராமல் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, அறை நடுவில் நின்று ஒரு கைதட்டு தட்டுங்கள். சத்தம் 'டங்' என்று சுற்றி வந்தால் அங்கே பேச்சு புரியாது. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, தகரக் கூரை எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். எங்கள் கூடமும் அப்படித்தான் இருந்தது. பேசுகிறவருக்கு எதிர்ச்சுவரில் கொடி கட்டி இரண்டு பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். நாற்காலியைக் குறைத்துத் தரையில் பாய் விரித்தோம். பாதி எதிரொலி போய்விட்டது.

மைக், ஸ்பீக்கர் எல்லாம் எவ்வளவு வேண்டும்?

முப்பது பேருக்கு: ஒரு மைக், ஒரு ஸ்டாண்டு, ஒரு பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பாக்ஸ்), நல்ல கேபிள் இரண்டு. கிதார், கீபோர்டு வருமென்றால் நாலு சேனல் மிக்ஸர் (பல சத்தங்களைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) ஒன்று. அவ்வளவுதான். முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். உள்ளூர் மைக்செட்காரரிடம் வாடகைக்கு எடுங்கள். அவர் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி குழாய் ஸ்பீக்கரோடு வந்து நிற்பார். "அண்ணாச்சி, ஒரு பாக்ஸ் போதும். எக்கோவை முழுசாக் குறைச்சிருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து மைக்செட்டில் எக்கோ எப்போதும் ஏறித்தான் இருக்கும். திருவிழா அறிவிப்புக்கு அது அழகு. கதை சொல்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லையும் கரைத்துவிடும்.

மைக் வாங்கும்போது டைனமிக் மைக் வாங்குங்கள். அது தனியாக மின்சாரம் கொடுக்காமலே வேலை செய்யும், கீழே விழுந்தாலும் தாங்கும், பக்கத்துச் சத்தத்தை அதிகம் இழுக்காது. கன்டென்சர் மைக் ஸ்டுடியோவுக்கு நல்லது. அதற்கு மிக்ஸரில் இருந்து 48 வோல்ட் கொடுக்க வேண்டும், மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும். ஷூர் எஸ்எம்58 என்ற மாடல் 1966 முதல் உலகம் முழுக்க மேடைகளில் இருக்கிறது. அதே உருவத்தில் போலிகளும் நிறைய இருப்பதால் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

மைக்குக்கு நேர்மேலே இருக்கிற மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

மைக் ஊளையிடுகிறது. என்ன செய்ய?

ஸ்பீக்கரில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், அது மறுபடி ஸ்பீக்கரில் பெரிதாக வந்து, மறுபடி மைக்குக்குள் போவதால் வருகிற ஊளை அது. ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பேசுகிறவருக்குப் பின்னால் ஒருபோதும் வேண்டாம். மேடை மைக்குகள் முன்பக்கம் அதிகமும் பின்பக்கம் குறைவாகவும் கேட்கிற மாதிரி செய்யப்பட்டவை. தலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த ஏற்பாடு கெட்டு, எல்லாப் பக்கமும் இழுக்கத் தொடங்கும், உடனே ஊளை வரும். பிள்ளைகள் சினிமாவில் பார்த்து அப்படித்தான் பிடிப்பார்கள். தண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

சத்தம் போதவில்லை என்றால் குமிழைத் திருகுவதற்கு முன்னால் வாயைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) கூடும். மூன்று விரல்கடை தூரம் சரியாக இருக்கும். மைக்கை ஊதியோ தட்டியோ பார்க்க வேண்டாம், "வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தால் போதும். லேப்டாப்பைச் சேர்த்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அதன் சார்ஜரைக் கழற்றுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

யார் முதலில், யார் கடைசியில் என்பதை எப்படி முடிவு செய்வது?

குலுக்கல். ஐந்தரை மணிக்கு வந்து சீட்டில் பெயர் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட வேண்டும். ஐந்தே முக்காலுக்குக் கூட்டத்தில் இருக்கிற சின்னப் பிள்ளை ஒன்று எடுக்கும். எடுக்கிற வரிசையில் பெயரைப் பட்டியலில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று வைத்திருந்தோம். பக்கத்துத் தெருக்காரர்களே முதல் ஐந்து இடத்தையும் பிடித்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எப்போதும் கடைசி இடம்தான். அதன்பிறகு நானே வரிசை போட்டேன், அது இன்னும் மோசம். "எனக்கு எதுக்கு அவருக்கப்புறம் போட்டீங்க?" என்று ஒரு பெரியவர் நிஜமாகவே மனம் வருந்திக் கேட்டார். டப்பா வந்தபிறகு அந்தப் பேச்சு இல்லை.

ஒரே ஒரு விலக்கு: முதல்முறை வருகிறவர்களுக்கு இரண்டு இடம் தனியாக ஒதுக்கியிருக்கிறோம், மூன்றாவதும் ஐந்தாவதும். முதல் இடம் பயமாக இருக்கும். கடைசி வரை காத்திருந்தால் வயிற்றைப் பிசைந்தே பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

ஒருவருக்கு எத்தனை நிமிடம்? நிறுத்தாமல் போனால்?

ஆறு நிமிடம். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஆறு என்றால் 72 நிமிடம். மாறி ஏற ஆளுக்கு ஒரு நிமிடம், டீக்கு 15 நிமிடம், ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் ஒரு பத்து. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் இருந்து செல்போன் டார்ச்சை ஒருமுறை காட்டுவோம். ஆறாவது நிமிடத்தில் நடத்துபவர் எழுந்து நிற்பார். ஏழாவது நிமிடத்தில் கைதட்டிக்கொண்டே மைக் பக்கம் நடப்பார், கூட்டமும் சேர்ந்து தட்டும். யாரும் அவமானப்படுவதில்லை. ஆனால் இதை எல்லாருக்கும் ஒன்றுபோல் செய்ய வேண்டும். ரிட்டயர்டு தலைமையாசிரியருக்குப் பன்னிரண்டு நிமிடம் விட்டுவிட்டு, அடுத்து வருகிற பையனை ஆறில் நிறுத்தினீர்கள் என்றால் அன்றோடு அந்த மேடையின் நேர்மை போயிற்று.

ஊர்ப் பெரியவர், பிரமுகர் யாராவது வந்தால்?

வாங்க என்று கூப்பிட்டு உட்கார வையுங்கள், டீ கொடுங்கள். பேச விருப்பமென்றால் சீட்டும் பேனாவும் கொடுங்கள். நம் பழக்கத்துக்கு இது கஷ்டம்தான், எனக்கும் கை நடுங்கியது. ஸ்பீக்கர் வாங்கப் பணம் கொடுத்த ஒரு அண்ணாச்சி, "ரெண்டு வார்த்தை பேசிட்டுத் தொடங்கட்டுமா?" என்றார். "அண்ணாச்சி, டப்பாவுல போட்டுருங்க" என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எழுதிப் போட்டார். ஒன்பதாவது இடம் வந்தது. அவர் அதுவரை உட்கார்ந்து எட்டுப் பேரையும் கேட்டார். மைக் கைக்கு வந்தபோது தயாரித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, தன் அம்மா பருத்தி எடுக்கப் போன கதையைச் சொன்னார். அன்றைய சாயங்காலத்தில் அதுதான் எல்லாருக்கும் நினைவில் நின்றது.

பொன்னாடை, நினைவுப்பரிசு, மாலை எதுவும் வேண்டாம். ஒருவருக்குப் போர்த்தினால் எல்லாருக்கும் போர்த்த வேண்டும்.

சினிமாப் பாட்டு பாடலாமா? கரோக்கி?

பாடலாம். சினிமாப் பாட்டை ஒதுக்கினால் நம் ஊரில் பாதித் தொண்டைகளை ஒதுக்கினது போல. ஆனால் டிராக் (பாட்டின் இசை மட்டும் உள்ள பதிவு) போட்டுப் பாடுவதை எங்கள் கூடத்தில் வைத்துக்கொள்வதில்லை. புளூடூத் சேர்க்கவும் பாட்டைத் தேடவும் ஆளுக்கு மூன்று நிமிடம் போகிறது என்பது ஒரு காரணம். டிராக் ஓடும்போது பாடுகிறவர் அதைத் துரத்திக்கொண்டே இருப்பார், தன் குரல் அவருக்கே கேட்காது என்பது பெரிய காரணம். டிராக் இல்லாமல், தொடையில் தாளம் தட்டிப் பாடும்போது அதே பாட்டு அவருடைய பாட்டாக ஆகிறது. கரோக்கி ஆசை இருப்பவர்கள் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை.

பிறர் பாட்டைப் பாடினால் காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 சில விலக்குகள் தருகிறது. தொழில்முறை அல்லாத மன்றமோ சங்கமோ, கட்டணம் கொடுக்காத பார்வையாளர்கள் முன் நிகழ்த்துவது அதில் ஒன்று. அச்சில் வந்த படைப்பிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொது இடத்தில் வாசிப்பதும் அதில் உண்டு. டிக்கெட் போட்டால் அந்த முதல் விலக்கு போய்விடும். நாங்கள் டிக்கெட் போடாததற்கு இதுவும் ஒரு காரணம். வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றுவது வேறு கணக்கு. சினிமாப் பாட்டு பாடிய வீடியோவை நாங்கள் ஏற்றுவதில்லை.

எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுக்குப் பிறகு படைப்பு பொதுவாகிவிடும். நாட்டுடைமை ஆனவற்றுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. பாரதி 1921-இல் காலமானார், அவர் எழுத்தும் எப்போதோ நாட்டுடைமை ஆகிவிட்டது. அவர் பிறந்த எட்டயபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்பதால், அவர் பிறந்த டிசம்பர் மாதம் யாராவது ஒருவர் கண்டிப்பாகப் பாரதி பாடுவார். தயங்காமல் பாடலாம்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய அரங்குகளுக்குள் தவிர, வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். மூடிய கூடத்துக்குள் ஒரு பாக்ஸ்தான் என்றாலும் நாங்கள் காவல் நிலையத்தில் வருடத் தொடக்கத்தில் ஒரு மனு கொடுத்து, தேதிகளையும் முடிகிற நேரத்தையும் எழுதிவிடுகிறோம். மொட்டைமாடியோ திறந்தவெளியோ என்றால் கண்டிப்பாக முறைப்படி வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் பக்கத்து வீடு. முதல் மாதத்துக்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். மார்ச் மாதம் எங்கள் பாக்ஸ் சத்தம் பாதிதான்.

எதைச் சொல்லக்கூடாது என்று விதி உண்டா?

மூன்று. சாதிப் பெருமையும் சாதி இழிவும் கூடாது. கூடத்தில் இல்லாத உள்ளூர்க்காரர் யாரையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. ஒருவருடைய உடம்பையோ நிறத்தையோ வைத்துச் சிரிக்க வைக்கக் கூடாது. இந்த மூன்றும் பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

முதல் விதியை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு பாட்டால் ஒரு தெருவே பகையாகும். அதே சமயம், தான் பட்ட சாதிக் கொடுமையை ஒருவர் சொல்ல வந்தால் அதை இந்த விதியைக் காட்டித் தடுக்காதீர்கள். அதைச் சொல்ல ஊரில் வேறு மைக் அவருக்கு இல்லை. பெருமை பேசுவதும் வலியைச் சொல்வதும் ஒன்றல்ல, கேட்டால் வித்தியாசம் தெரியும்.

விதியை மீறினால் அந்த இடத்திலேயே எழுந்து போய் "நன்றி தம்பி, இதோட நிறுத்திக்குவோம்" என்று சொல்லி மைக்கை வாங்குங்கள். விவாதம் வெளியே போய். ஆறு வருடத்தில் மூன்று தடவை செய்திருக்கிறேன்.

பெண்கள் வருவதற்கு என்ன செய்யலாம்?

சீக்கிரம் முடியுங்கள், வெளிச்சமான வாசலாகப் பாருங்கள், நடத்துகிறவர்களில் பெண்கள் இருக்கட்டும். இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது வீடியோ விஷயம்.

இரண்டாவது வருடம் ஒரு கல்லூரி மாணவி தன் வீட்டைப் பற்றிக் கவிதை வாசித்தாள். யாரோ அதைப் படம் பிடித்துக் குழுக்களில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையில் அவள் சித்தப்பாவின் போனில் அது இருந்தது. ஐந்து மாதம் அவளை வீட்டில் இங்கே வர விடவில்லை. கவிதையில் தப்பு ஒன்றும் இல்லை, கூடத்தில் இருந்த முப்பது பேருக்காகச் சொன்னது முந்நூறு பேரிடம் போய்விட்டது. தப்பு எங்களுடையது. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து கூடத்தில் யாரும் படம் பிடிக்கக் கூடாது. நிகழ்த்துகிறவர் கேட்டால் அவருடைய போனிலேயே எடுத்து அவரிடமே கொடுத்துவிடுவோம். வாசலில் எழுதி வைத்திருக்கிறோம், ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் சொல்கிறோம். விளம்பரம் குறையுமே என்று கேட்பார்கள். குறையும். அதற்குப் பதிலாக, வேறெங்கும் சொல்லாததை இங்கே வந்து சொல்கிறார்கள்.

பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டால்?

காத்திருங்கள். கூட்டத்தில் இருந்து அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். பத்து விநாடி மௌனம் ரொம்ப நீளமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அதற்குள் அவரே பிடித்துவிடுவார். பிடிக்க முடியவில்லை என்றால் நடத்துபவர் போய்த் தண்ணீர் கொடுத்து, "உட்கார்ந்து பாருங்க, கடைசியில கூப்பிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிட வேண்டும். பேப்பரைப் பார்த்து வாசிப்பதை யாரும் குறையாக நினைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மைக் பிடித்தே பழக்கமில்லாத வயதானவர்களை எப்படிப் பாட வைப்பது?

வற்புறுத்தாதீர்கள். அவர்கள் வசதிக்கு மைக்கை நகர்த்துங்கள். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து நாலு மாதம் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாதம் பேரனிடம் ரகசியமாகச் சொல்லிச் சீட்டுப் போடச் சொன்னார். கூப்பிட்டதும் வந்து மைக்கைக் கரண்டி பிடிப்பது மாதிரி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், குரல் வரவில்லை. "உட்காந்து பாடுறீங்களா பாட்டி?" என்றோம். பாயில் கால் நீட்டி உட்கார்ந்தார். ஸ்டாண்டைக் கடைசி வரை இறக்கி அவர் மோவாய்க்குப் பக்கத்தில் வைத்தோம். மடியில் பிள்ளை இருப்பது போல வலது கால் தன்னால் ஆடத் தொடங்கியது. தாலாட்டுப் பாடினார். குரலை ஏற்றவே இல்லை. மைக்செட்காரர் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்துக்குப் பிறகு நாங்கள் சின்ன ஸ்டாண்டு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.

பணம் எப்படி?

மாடிக் கூடத்துக்கு வாடகை இல்லை, கரண்டுக்கும் பெருக்குவதற்கும் ஒரு தொகை கொடுத்துவிடுகிறோம். டீ, கடலைமிட்டாய்ச் செலவு உண்டு (எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, விருந்தாளிக்கு அதைக் கொடுக்காமல் எப்படி?). படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு உண்டியல் இருக்கும். விரும்பியதைப் போடலாம், போடாமலும் போகலாம். மேடையில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வரவு செலவை மாதாமாதம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். சின்ன ஊரில் நூறு ரூபாய்க் கணக்கும் பேச்சாகும்.

ஒரே கடைக்காரர் முழுச் செலவையும் ஏற்றால் பேனர் கேட்பார், பிறகு பரிசு கொடுக்கலாமா என்பார். பத்துப் பேர் ஐம்பது ரூபாய் கொடுப்பதே நல்லது.

போட்டி, பரிசு வைத்தால் கூட்டம் கூடுமே?

கூடும். பரிசு கிடைக்காதவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

தொகுத்து வழங்குபவர் என்ன பேச வேண்டும்?

குறைவாக. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், தெரியாவிட்டால் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "கவிஞர்", "இசைத்தென்றல்" மாதிரி அடைமொழி எதுவும் வேண்டாம், ஊரும் பெயரும் போதும். ஒருவர் முடித்ததும் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். ஒருவருக்கு "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு "நன்றி" என்று மட்டும் சொன்னால், அந்த அடுத்தவர் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

முன்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், போனைப் பையில் வையுங்கள். பேசுகிறவர் பயத்தில் முதலில் தேடுவது நடத்துகிறவர் முகத்தைத்தான்.

எத்தனை நாள் ஒரே ஆள் நடத்த முடியும்?

இரண்டு வருடம் என்பது என் அனுபவம். அதற்கப்புறம் அது உங்கள் பெயரில் ஓடும் கூட்டமாகிவிடும், நீங்கள் ஊரில் இல்லாத மாதம் நின்றுவிடும். மூன்றாவது வருடத்தில் இருந்து நாலு பேர் மாறி மாறி நடத்துகிறோம். டப்பா, பட்டியல், டார்ச், சாவி நாலும் கைமாறும். அந்தக் கவிதை வாசித்த பெண் இப்போது நாலு பேரில் ஒருத்தி. நேரத்தில் என்னைவிடக் கறார். போன மாதம் எனக்குப் பதினோராவது சீட்டு வந்தது. ஒரு கதையை இழுத்துக்கொண்டே போனேன், ஆறாவது நிமிடத்தில் எழுந்து நின்றாள், ஏழாவதில் கைதட்டிக்கொண்டே வந்து மைக்கை வாங்கிக்கொண்டாள்.